மருத்துவக் காரணங்களால்

என் அறையில் மூன்றாவது நாற்காலி போடக் கூடாது என்று சொன்னது நான்தான். இரண்டு நாற்காலி இருந்தால் இரண்டு பேர் உட்காருவார்கள். மூன்றாவது ஒன்று கிடந்தால் எங்கிருந்தாவது ஒரு சித்தப்பா வந்து அதில் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தவர் சும்மாவும் இருக்கமாட்டார். "எங்க பொண்ணு தங்கம்ங்க, மாட்டேன்னு அவ வாயில வரவே வராது" என்பார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொள்ளும். அதற்குப் பிறகு அவளிடம் நான் என்ன கேட்டு என்ன பயன்?

நடந்ததை என் கைப்பட எழுதித் தரும்படி விசாரணைக்கு வந்த நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். எழுதுகிறேன். அந்த ஒன்பது பேரைப் பற்றி மட்டும் எழுதினால் போதும் என்றீர்கள். ஆனால் அந்த அறை எதற்காக இருந்தது என்று தெரியாதவர் இதைப் படித்தால் என்னைப் பற்றித் தவறாக நினைப்பார். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கல்லீரல் கெட்டுப்போனவருக்கு மாற்றுக் கல்லீரல் இரண்டு வழியில் வரும். மூளைச்சாவு அடைந்த ஒருவருடைய குடும்பம் சம்மதித்து, அவருடைய கல்லீரல் முழுதாக வருவது ஒரு வழி. அதற்குப் பட்டியல் உண்டு, காத்திருக்க வேண்டும். இன்னொரு வழி, உயிரோடு நன்றாக இருக்கும் உறவினர் ஒருவர் தன்னுடையதில் பாதிக்கு மேல் வெட்டிக் கொடுப்பது. கொடுத்தவருக்கு மீதி வளர்ந்துவிடும். வாங்கியவருக்கும் வளர்ந்துவிடும். பெரும்பாலும் நல்லபடியாகவே முடியும். எப்போதாவது ஒருமுறை, கொடுக்க வந்தவர் அறுவை மேசையிலேயே போய்விடுவதும் உண்டு. அவர் நோயாளி இல்லை. முந்தின நாள் வரை மூட்டை தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியவர்.

அதற்காகத்தான் என் வேலை. கொடுக்க வந்தவரைத் தனியாக உட்காரவைத்து, கதவைச் சாத்தி, நிஜமாகவே விருப்பமா என்று கேட்பேன். பதிலை ஒரு படிவத்தில் குறித்து, உறையில் போட்டு ஒட்டி, தலைமை அறுவை மருத்துவரிடம் கொடுப்பேன். படிவத்தில் இரண்டே கட்டங்கள். சம்மதம். சம்மதம் இல்லை. இரண்டாவது கட்டத்தில் நான் குறியிட்டால், குடும்பத்துக்கு அவர் ஒரு கடிதம் கொடுப்பார்: 'மருத்துவக் காரணங்களால் இவரைக் கொடையாளராக ஏற்க இயலவில்லை.' மாட்டேன் என்று அவர் சொன்னது யாருக்கும் தெரியாது. மருத்துவர்கள் யாரும் அவரிடம் ஏன் என்று கேட்கக் கூடாது. அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. வீட்டில் தினமும் முகம் பார்த்து வாழவேண்டியவருக்காக ஏற்பட்ட விதி அது.

நல்ல விதி. என்னைக் காரணம் காட்டி அதை எடுத்துவிடாதீர்கள். மாமனாருக்குக் கொடுக்க ஒரு மாப்பிள்ளை வந்தார். வெளியே மாமியாரும் மைத்துனர்களும் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "மேடம், எப்படியாவது என்னைக் காப்பாத்துங்க. அவருக்குச் சொந்தமா ரெண்டு பசங்க இருக்காங்க. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல முதுகுவலி வந்துடுச்சு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காப்பாற்றினேன். கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே போய் அவர் அழுத அழுகையில், மாமியாரே அவரைத் தேற்றவேண்டியதாயிற்று.

இனி சிறுநீரகத்துக்கு வருகிறேன்.

கல்லீரல் நோய் முற்றினால் சிலருக்குச் சிறுநீரகமும் நின்றுபோகும். டயாலிசிஸ் தொடங்கிவிடுவார்கள். வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டதும் இடிந்துபோவார்கள். ஆனால் பட்டியலின் நியாயம் வேறு. யார் சீக்கிரம் சாகக்கூடுமோ அவருக்கு முதலில். இரத்தப் பரிசோதனைகளை வைத்துப் புள்ளி போடுவார்கள். சிறுநீரகம் போனால் புள்ளி எகிறிவிடும். போன வாரம் நாற்பதாவது ஆளாக இருந்தவர் இந்த வாரம் மூன்றாவது ஆளாகிவிடுவார்.

நான் யோசித்தது இதுதான். மூன்றாவது ஆளுக்கு எப்படியும் முழுக் கல்லீரல் கிடைக்கப்போகிறது. சிலருக்கு அதோடு சிறுநீரகமும் சேர்ந்து கிடைக்கும். பிறகு எதற்கு ஒரு நல்ல வயிற்றைக் கிழிக்கவேண்டும்? கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது, இல்லையா? தலைமை மருத்துவருக்கு வேறு கருத்து. சிறுநீரகமும் போனவருக்குப் பாதிக் கல்லீரல் தாங்குமா என்று ஒரு காலத்தில் அவரே தயங்கியவர். செய்து பார்த்தபின் மனம் மாறினார். தாங்குகிறது, கல்லீரல் வேலை செய்யத் தொடங்கினால் பலருக்குச் சிறுநீரகமும் மெல்லத் திரும்பிவிடுகிறது என்பார். வாரக் கூட்டத்தில் ஒருநாள் எங்கள் எல்லாரையும் பார்த்து, "லிஸ்ட்ல மேல போறதுன்னா என்னன்னு நினைச்சீங்க? சாவுக்குப் பக்கத்துல போறது. வீட்டுல ஆள் ரெடியா இருந்தா ஒருநாள் கூடக் காத்திருக்கக் கூடாது" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அந்த ஒன்பது பேரில் முதல் ஆள் ஒரு மனைவி. கணவர் அச்சகத்தில் புத்தகம் பைண்டு செய்பவர். அவருக்குக் கல்லீரல், சிறுநீரகம் இரண்டும் போயிருந்தது. இவளைத் தவிரக் கொடுக்க ஆள் இல்லை. விருப்பமா என்றேன். விருப்பம் என்றாள். மூன்றுமுறை மாற்றி மாற்றிக் கேட்டேன். மூன்றுமுறையும் விருப்பம்தான். எழுந்துபோகும்போது, "ஒருவேளை டெஸ்ட்ல உங்களுக்குச் சரிப்படலைன்னு வந்துட்டா?" என்று கேட்டேன். அவள் முகத்தில் ஒரு நொடி ஏதோ தளர்ந்தது. தலைச்சுமையை இறக்கிவைத்தவருக்கு அப்படி இருக்கும். உடனே சுதாரித்துக்கொண்டு, "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க" என்றாள். எனக்கு அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது. வாய் சொல்வதை எழுத யார் வேண்டுமானாலும் போதும், முகம் சொல்வதை எழுதத்தான் நான் இருக்கிறேன் என்று தோன்றியது. இரண்டாவது கட்டத்தில் குறியிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் அந்த பைண்டருக்குப் பட்டியலிலிருந்து கல்லீரல் கிடைத்தது. இப்போதும் உயிரோடு இருக்கிறார். வருடப் பிறப்புக்கு அவர் கையாலேயே பைண்டு செய்த நாட்குறிப்பு ஒன்று எனக்கு அனுப்புவார். முதல் ஆளுக்கே கிடைக்காமல் போயிருந்தால் நான் அதோடு நிறுத்தியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

எட்டு வருடத்தில் நான் பேசிய கொடையாளர்கள் நானூறு பேருக்கு மேல். அதில் ஒன்பது பேர் சம்மதம் என்று சொல்லியும் நான் சம்மதம் இல்லை என்று குறியிட்டேன். இதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. இவ்வளவு நாள் எப்படி யாருக்கும் தெரியாமல் போனது என்று கேட்டீர்கள். மருத்துவர்களைப் பொறுத்தவரை, கொடுக்க வந்தவர் மாட்டேன் என்றுவிட்டார். கொடுக்க வந்தவரைப் பொறுத்தவரை, அவர் உடம்பில் ஏதோ குறை. அந்தக் குறையை எடுத்துச் சொல்வதும் என் வேலைதான். இரண்டு பேரும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினால் இரண்டே வார்த்தையில் சாயம் வெளுத்துவிடும். ஆனால் பேசக் கூடாது என்பது விதி. எங்கள் மருத்துவமனையில் எல்லாரும் விதியை மதிப்பவர்கள்.

ஒன்பது பேரின் நோயாளிகளுக்கும் சிறுநீரகம் போயிருந்தது, ஒன்பது பேர் வீட்டிலும் கொடுக்க ஒரே ஓர் ஆள்தான் இருந்தார் என்று நீங்கள் அடிக்கோடு போட்டுக் காட்டினீர்கள். தேடித் தேர்ந்தெடுத்தேனா என்றீர்கள். தேடவில்லை, அவர்களாக வந்தார்கள். இரண்டாவது ஆள் இருக்கும் வீட்டில் நான் அப்படிக் குறித்திருந்தால், மறுநாளே அடுத்தவர் வந்து உட்கார்ந்திருப்பார். அதில் எனக்கு ஒன்றும் தெரியவந்திருக்காது.

ஒன்பதில் மூன்று பேருக்குப் பட்டியலிலிருந்து கிடைத்தது. உங்கள் குற்றச்சாட்டில் இறந்த ஆறு பேர்தான் இருக்கிறார்கள். அந்த மூன்று பேரையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடைசி நோயாளி பள்ளி வேன் ஓட்டுபவர். வார்டில் எல்லாரும் அவரை வேன்காரர் என்றே கூப்பிட்டார்கள். கண்ணெல்லாம் மஞ்சள், வயிறு ஊதி, கால் வீங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். இத்தனைக்கும் நடுவில் வாய் மட்டும் சும்மா இருக்காது. நர்ஸ் ஊசியோடு வந்தால், "வரிசையா வாங்கம்மா, தள்ளாதீங்க" என்பார். மனைவியின் இரத்தப் பிரிவு சேரவில்லை. ஒரே மகள். இருபத்தாறு வயது, பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை.

அவள் பள்ளியிலிருந்து நேராக வந்திருந்தாள். கழுத்தில் விசில் தொங்கியது. அதைக் கழற்ற மறந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் வெட்கப்பட்டு உள்ளே போட்டுக்கொண்டாள். கல்லீரலின் படங்கள் எல்லாம் எடுத்தாகிவிட்டது. எல்லாம் நன்றாக இருந்தது.

"விருப்பமா?" என்றேன்.

"அதுக்குத்தானே மேடம் வந்திருக்கேன்."

"பயமா இருக்கா?"

"இருக்கு. நேத்து வயித்துல வெட்டுற கோடு எங்க போடுவாங்கன்னு காட்டினாங்க. வீட்டுக்குப் போயிச் சாப்பிட முடியலை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பயமா இருந்தா செய்யக் கூடாதா மேடம்?" என்று கேட்டாள்.

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. என் படிவத்தில் அதற்கு ஏதாவது விதி இருக்கிறதோ என்ற சந்தேகத்தில் கேட்டாள். செய்யலாம் என்றேன். தண்ணீர் குடித்தேன். பிறகு வழக்கம்போல, ஒருவேளை சரிப்படாமல் போனால் என்று கேட்டேன். முகத்தைப் பார்த்தேன். எட்டு பேர் முகத்திலும் நான் பார்த்த அந்தத் தளர்ச்சி, அவள் முகத்தில் இல்லை. "என்ன செஞ்சா சரியாகும்? எடை குறைக்கணுமா? பத்து நாள் குடுங்க, குறைச்சிடுறேன்" என்றாள்.

இதை நான் தெளிவாக எழுதிவிட வேண்டும். மற்ற எட்டு பேரைப் பற்றி நான் முகத்தைப் படித்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியும். இவள் விஷயத்தில் படிக்க ஒன்றும் இல்லை. தேடியது கிடைக்கவில்லை. கிடைக்காமலே குறியிட்டேன்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். கல்லீரலுக்குள் போகும் இரத்தக் குழாய் உங்களுக்கு வேறு மாதிரி பிரிகிறது, வெட்டினால் உங்கள் உயிருக்கு ஆபத்து என்றேன். "பொறந்ததுல இருந்தே அப்படியா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்போ அப்பாகிட்ட இருந்துதான் வந்திருக்கும். அவரு வண்டியிலயும் எந்தக் குழாயும் நேரா இருக்காது" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. நான் கைக்குட்டை கொடுத்தேன்.

அறைக்கு வெளியே வராந்தாவில் தலைமை மருத்துவர் வந்துகொண்டிருந்தார். அவர் கையில் என் உறை பிரித்த நிலையில் இருந்தது. அவளைப் பார்த்ததும் நின்றார். அவர் மென்மையான மனிதர். அவள் தோளைத் தட்டி, "பரவாயில்லைம்மா. இதுல உன் தப்பு எதுவும் இல்லை. மனசுல வச்சுக்காதே" என்றார். மாட்டேன் என்ற பெண்ணை மன்னிக்கிறோம் என்று அவர் நினைத்தார். உடம்பில் குறையோடு பிறந்ததற்கு ஆறுதல் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். நான் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் அவள் அப்பா பிழைத்திருக்கலாம். திறக்கவில்லை. அதற்கு நான் காரணம் சொல்லப்போவதில்லை.

வேன்காரர் பத்தொன்பது நாள் காத்திருந்தார். நான்காவதாக இருந்தார், பிறகு இரண்டாவது, பிறகு முதல் ஆள். அவருக்குக் கிடைக்க வேண்டும் என்று என்னைப் போல வேறு யாரும் ஏங்கியிருக்கமாட்டார்கள். நீங்கள் நம்பவேண்டும். காலையில் வேலைக்கு வந்ததும் பையை வைப்பதற்கு முன் பட்டியலைப் பார்ப்பேன். மதியம் ஒருமுறை, கிளம்பும்போது ஒருமுறை. அவர் மனைவி கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அது அடித்தால் யாரோ ஒருவர் வீட்டில் இழவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஒருநாள் என்னிடம், "யாராவது போகணும்னு வேண்டிக்கவும் முடியலைங்க, வேண்டிக்காம இருக்கவும் முடியலைங்க" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பதினோராம் நாள் ஒரு கல்லீரல் வந்தது. வேன்காரரைத் தயார்செய்து, அறுவை அரங்கு வாசல் வரை தள்ளிக்கொண்டுபோனார்கள். மகள் கூடவே ஓடினாள். உள்ளிருந்து தலைமை மருத்துவர் வந்தார். கொழுப்பு படிந்த கல்லீரல், வைத்தாலும் வேலை செய்யாது என்றார். திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். படுக்கையில் மாற்றியதும் வேன்காரர் என்னைப் பார்த்து, "பாதி வழியில இறக்கி விட்டுட்டாங்க மேடம்" என்றார். அவர் சொன்ன கடைசி வேடிக்கை அதுதான். அதற்குப் பிறகு நினைவு தவறத் தொடங்கியது. மகளை நர்ஸ் என்று நினைத்து வரிசையில் நிற்கச் சொன்னார். அவள் நின்றாள்.

பத்தொன்பதாம் நாள் காலை, டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே இறந்துபோனார். அப்போதும் பட்டியலில் முதல் ஆள் அவர்தான். அவர் பெயரை எடுத்ததும் இரண்டாவதாக இருந்தவர் முதலுக்கு வந்தார்.

இரண்டு மாதம் கழித்து மகள் என்னைப் பார்க்க வந்தாள். இளைத்திருந்தாள். குழாய் கோணலாக இருக்கிறது என்று நான் சொன்னதால் ஓடுவதை நிறுத்திவிட்டாளாம். பிள்ளைகளுக்கு விசில் மட்டும் அடித்துக்கொண்டிருந்தாளாம். திருமணப் பேச்சு வந்திருக்கிறது, மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்கக் கூடாது என்று, படங்கள் அடங்கிய குறுந்தகட்டைக் கீழே ஸ்கேன் கவுன்டரில் கேட்டு வாங்கி, வேறோர் இடத்தில் ஒரு மருத்துவரிடம் காட்டியிருக்கிறாள். அவளுக்கு முந்தைய எட்டு பேரில் ஒருவர்கூட அதைக் கேட்டு வாங்கியதில்லை. வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட உடம்பின் படத்தை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போக விரும்புவதில்லை. கேட்டால் யாருக்கும் கொடுப்பார்கள் என்பதை நான் யோசித்துப் பார்த்ததே கிடையாது.

"அந்த டாக்டர் இவ்வளவு சுத்தமான கல்லீரலைப் பார்த்ததே இல்லைன்னு சொன்னாரு மேடம். குழாயெல்லாம் புத்தகத்துல போட்டிருக்கிற மாதிரியே இருக்காம். அப்போ ஏன் எங்கப்பாவுக்குக் குடுக்க விடலை?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "உங்களுக்கு உள்ளுக்குள்ள விருப்பம் இல்லைன்னு நீங்களே என்கிட்ட சொன்னீங்களே. அதை வெளிய சொல்லக் கூடாதுங்கறது விதி. அதனாலதான் குழாய்னு சொன்னோம்."

அன்றைக்கு என்னவெல்லாம் பேசினோம் என்று நினைவுபடுத்திப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. "பயமா இருக்குன்னுதானே சொன்னேன்?" என்றாள் மெதுவாக. "அதைத்தான் சொல்றேன்" என்றேன். "நானா வேண்டாம்னு சொன்னேன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் இருக்கும், அவள் நம்பினாள். தன் அப்பாவைத் தானே கொன்றுவிட்டதாக நம்பினாள். அந்த முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்குத் தெரிந்த முகம். கண்ணாடியில் பார்த்துப் பழகியது.

பிறகு அவள் எழுந்தாள். "இல்லை. நான் சொல்லலை" என்றாள். நேராகத் தலைமை மருத்துவர் அறைக்குப் போனாள். விதியை மீறி அவர் அவளோடு பேசினார். மீதி உங்கள் கோப்பில் இருக்கிறது.

இனி எழுதப்போவது உங்கள் கோப்பில் இருக்காது. அது வேறு மருத்துவமனை, பதினொரு வருடத்துக்கு முந்தியது. முழுவதும் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். நகலெடுக்கும் கடை வைத்திருந்தான். கல்லீரல் போய், பின்னாலேயே சிறுநீரகமும் போனது. அண்ணிக்குப் பொருந்தவில்லை. குழந்தைகள் சின்னவர்கள். நான் ஒருத்திதான். நான் தருகிறேன் என்று முதலில் சொன்னதும் நான்தான், யாரும் கேட்கவில்லை. அண்ணன் படுத்தபடியே கிண்டல் செய்தான். "வேண்டாம்மா. பாதியைக் குடுத்துட்டு ஆயுசு பூரா சொல்லிக்காட்டுவே" என்றான்.

பிறகு என்னையும் ஓர் அறையில் தனியாக உட்காரவைத்தார்கள். பெரியவர் ஒருவர் எதிரே இருந்தார். விருப்பமா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவேண்டியதில்லை. பயம், வேறொன்றும் இல்லை. வயிற்றில் எங்கே வெட்டுவார்கள் என்று விரலால் கோடிழுத்துக் காட்டியிருந்தார்கள். அந்தக் கோடு மூன்று நாளாக என் வயிற்றில் ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, அதனால் நான் செய்யவில்லை.

அந்தப் பெரியவர் நல்லவர். நான் அழுவதைப் பார்த்து, "கிட்னியும் போயிட்டதால உங்க அண்ணன் லிஸ்ட்ல மேல போயிடுவாரும்மா. முழுசாவே கிடைச்சிடும். நீங்க குடுக்கணும்னே அவசியம் இல்லை" என்றார். அதை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். அவசியமே இல்லை. இருபத்துமூன்று நாள் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பத்து நாள் அண்ணன்தான் முதல் ஆள். அண்ணி வருபவர்களிடம் எல்லாம், "ஃபர்ஸ்ட் இடத்துல இருக்காரு" என்று, பரீட்சையில் வாங்கியதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் முதல் இடத்திலிருந்தபடியே போய்ச்சேர்ந்தான். முன்பு, என்னை ஏற்க இயலவில்லை என்ற கடிதம் வந்த அன்று, அவன் என்னைப் பார்த்து, "நல்லதாப் போச்சு, உன் வாயில இருந்து தப்பிச்சேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அவனுக்குத் தெரிந்திருக்குமோ என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன்.

இந்த வேலைக்கு நேர்முகத் தேர்வில் ஏன் வருகிறீர்கள் என்று கேட்டபோது, நானும் கொடுக்க வந்து, பொருந்தாமல் போனவள்தான் என்றேன். உடனே எடுத்துக்கொண்டார்கள்.

நீங்கள் ஏன் என்று கேட்ட கேள்விக்கு, கொடையாளர்களின் உயிரைக் காப்பாற்றத்தான் என்று முதல் நாள் சொன்னேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பெரியவர் சொன்னது உண்மைதானா என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. என்னுடையதைப் போலவே ஒரு வீடு, ஒரே ஓர் ஆள், அவரும் கொடுக்கவில்லை, ஆனாலும் நோயாளி பிழைத்துவிட்டார் என்று பார்க்கவேண்டியிருந்தது. பைண்டர் பிழைத்த அன்று எனக்கு மூச்சு வந்தது. அடுத்தவர் போனதும் மறுபடி அடைத்துக்கொண்டது. அப்புறம் இன்னொருவர் தேவைப்பட்டார். மூன்று பேர் பிழைத்தார்கள், ஆறு பேர் போனார்கள். அந்த ஆறு பேரையும் நான்தான் கொன்றேன். அவர்களுக்குக் கொடுக்க வந்தவர்களில் வேன்காரர் மகளைத் தவிர மற்றவர்கள், தங்கள் உடம்புதான் கைவிட்டது என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

முந்தாநாள் அண்ணி தொலைபேசியில் கூப்பிட்டார். நான் வேலைக்குப் போவதில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "என்ன, உன் ஈரல் பிரச்சினை மறுபடி ஆரம்பிச்சிடுச்சா? அன்னைக்கே டாக்டர் சொன்னாரே, வருஷாவருஷம் காட்டுன்னு சொன்னா நீ எங்க கேக்குறே" என்றார். பதினொரு வருடமாக அவர் இப்படித்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறார். உன் உடம்பு கெட்டிருக்கும்போதும் உங்க அண்ணனுக்குக் குடுக்க வந்தியே என்று சொல்லிச் சொல்லி அழுவார். "ஆமாம் அண்ணி, கொஞ்சம் முடியலை" என்றேன்.

மேலே எழுதியதில் ஒரு வரியையும் மாற்றமாட்டேன். எந்தத் தண்டனையும் எனக்குச் சம்மதம். ஒரே ஒரு வேண்டுகோள். விசாரணை முடிந்ததும் என் பணிப்பதிவில் உள்ள முகவரிக்கு ஒரு கடிதம் போகும் என்றார்கள். அது இன்னமும் அண்ணன் வீட்டு முகவரி, அண்ணிதான் கடிதத்தை வாங்கிப் பிரிப்பார். மருத்துவக் காரணங்களால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்று மட்டும் அதில் போட்டால் போதும். அவர் அதற்குமேல் கேட்கமாட்டார். உண்மை தெரிந்தால் அவரால் தாங்கமுடியாது. எனக்காக இதைக் கேட்கவில்லை.